உவர் நிலமும் சர்வகலாசாலை ஆசிரியர் நியமனமும்

சர்வகலாசாலை ஒன்றில் ஓர் ஆசிரியர் இடம் காலியாகிறது, விளம்பரம் வெளியாகிறது, விண்ணப்பங்கள் செல்கின்றன, முடிவில் ஒருவர் நியமனம் பெறுகிறார். பத்திரிகையில் இத்தகைய செய்தி வருமாயின், குடியானவரும் நிலச்சுவான்தாரும் அதைப் படியாமலே தாளைப் புரட்டிவிடுவது வழக்கம். தாசில்தார் மாறினால் ஊர் முழுவதும் பேசும்; கண்மாய்க்குப் பொறுப்பான என்ஜினீயர் மாறினால் ஆயக்கட்டுதாரர் விசாரிப்பர்; சர்வகலாசாலையில் எவர் வந்தால் என்ன, எவர் போனால் என்ன என்பதே பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் உள்நாட்டு ஜில்லாக்களில் ஒருவாறு மன்னிக்கத்தக்கது. இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரைப் பிரதேசத்திலோ அது நஷ்டம் விளைவிப்பது. உள்நாட்டு வயலின் நோய் பெரும்பாலும் ஒரு சாஸ்திரத்துக்குள் அடங்கும். கடற்கரை வயலின் நோய் அவ்வாறு அடங்குவதில்லை. அந்நோயை ஆராய்ந்து பரிகாரம் சொல்ல வேண்டியவர் எம்முறையில் தேர்ந்தெடுக்கப்படுகிறார் என்பதைப் பொறுத்தே, அவர் கல்வி வயலுக்குப் பயன்படுவதும் பயன்படாமற் போவதும். அன்றியும், முப்பது வயதில் நியமனம் பெறும் ஆசிரியர் ஏறக்குறைய முப்பது வருஷம் அப்பதவியில் இருப்பார். ஆகவே ஒரு நியமனம் என்பது தென்னங்கன்று நடுவதைப் போன்ற நெடுங்காலக் காரியம். நடும்பொழுது காட்டாத கவனத்தைப் பின்னர்க் காட்டிப் பயனில்லை.

இப்பிரதேசத்தின் அமைப்பை நோக்கினால் இது தெளிவாகும். தமிழ்நாட்டு ஜில்லாக்களுள் நீண்ட கடற்கரையை உடையது இராமநாதபுரம். ஒருபுறம் பாக் விரிகுடா, மறுபுறம் மன்னார் வளைகுடா. இரண்டிற்கும் இடையே பாம்பன் கால்வாயும் இராமேசுவரத் தீவும். வைகை நதி மதுரையையும் மானாமதுரையையும் பரமக்குடியையும் கடந்து வந்து, பெரும்பாலான வருஷங்களில் கடலைக் காணாமலே இராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடுகிறது. மற்ற நிலங்கள் ஐப்பசி, கார்த்திகை மழையையும் அம்மழை நிரப்பும் சிறு கண்மாய்களையுமே நம்பியுள்ளன. புழுதியில் நெல் விதைத்து மழைக்குக் காத்திருப்பதும், மானாவாரியில் முண்டு மிளகாய் பயிரிடுவதும் இங்குப் பரம்பரை வழக்கம். அம்மிளகாய் 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. இவ்வயல்களை அடுத்து உப்பளங்கள், இறால் குட்டைகள், காரங்காட்டில் உள்ளவை போன்ற அலையாத்திக் காடுகள், அவற்றுக்கு அப்பால் கடல். வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989இல் அதனினும் விரிந்த பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. வயல், கண்மாய், உப்பளம், குட்டை, கடல் ஆகிய ஐந்தும் ஒரே கிராமத்தின் எல்லைக்குள் அமைவது இக்கரையில் சாதாரணம்.

இத்தகைய கிராமத்தில் ஒருவருடைய நன்செய்யில் உப்புப் பூக்கத் தொடங்குகிறது எனக் கொள்க. அவர் மண்ணை எடுத்துக்கொண்டு பரிசோதனைச் சாலைக்குச் செல்கிறார். மண்ணின் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசீமனுக்கு மேற்பட்டால் அது உவர் நிலம். நல்ல நீரைத் தேக்கி வடித்து உப்பைக் கழுவ வேண்டும். மண்ணின் கார நிலை 8.5க்கு மேற்பட்டு, மண்ணோடு ஒட்டிய சோடியம் நூற்றுக்குப் 15 பங்கைத் தாண்டினால் அது களர் நிலம். ஜிப்சம் இட்டு நீர் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டை மடக்கி உழ வேண்டும். மண் ரசாயனம் கற்றவர் கூறும் இவ்விடை சரியானதே. ஆயின் கழுவுவதற்கு நல்ல நீர் எங்கே? கண்மாய் தூர்ந்து, வரத்துக்கால் சீமைக்கருவேல் அடைந்து கிடக்கிறது. அது பாசன என்ஜினீயரின் விஷயம். கிணறு உப்பாகிவிட்டது, அது பூகர்ப்ப சாஸ்திரியின் விஷயம். அடுத்த சர்வே நம்பரில் இறால் குட்டை இருக்கிறது. அது மீன்வள இலாகாவின் விஷயம். அக்குட்டைக்கு அநுமதி உண்டா என்பது சட்டத்தின் விஷயம். ஐந்து வாயில்களிலும் ஏறி இறங்கிய குடியானவர் ஐந்து சரியான விடைகளோடு வீடு திரும்புகிறார். வயலில் உப்பு இருந்தபடியே இருக்கிறது.

கிணற்று நீரின் விஷயம் ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். கடலோர மணலில் நன்னீர் உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீரின் மட்டம் கடல் மட்டத்திற்கு ஓரடி மேலே நின்றால், கடல் மட்டத்திற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரையில் நன்னீர் நிற்கும் என்பது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹாலந்து தேசத்துக் கிபன் என்பவரும், 1901இல் ஜெர்மனியில் ஹெர்ஸ்பெர்க் என்பவரும் தனித்தனியே வெளியிட்ட விதி. ஆகவே மேல்மட்டம் ஓரடி தாழ்ந்து அப்படியே நிலைத்தால், அடியிலுள்ள உப்புநீர் நாளடைவில் 40 அடி மேலேறும். மின்சார மோட்டார் வைத்து இறைப்பவரும், கண்மாயைத் தூர்வாராமல் விட்டவரும், குட்டைக்காக ஆழ்குழாய் நீரைக் கடல்நீரோடு கலப்பவரும், தாம் அறியாமலே ஒரே தராசின் தட்டில் கை வைக்கின்றனர். பூகர்ப்ப சாஸ்திரி இவ்விதியை அறிவார். எனினும் அவ்வூரில் எம்மாதத்தில் எவ்வளவு இறைக்கப்படுகிறது, ஏன் இறைக்கப்படுகிறது, இறைக்காமல் இருக்க எவ்வருமானம் வேண்டும் என்பவை அவர் நூலில் இல்லை. பயிர் சாஸ்திரியும் பொருளாதாரம் கற்றவரும் உடனிருந்தாலன்றி அவ்விதி கிராமத்தில் நடைமுறைக்கு வாராது.

நிற்க. அறிவு எப்பொழுதும் இவ்வாறு வேலி கட்டிக்கொண்டிருந்தது எனக் கருதலாகாது. சென்னை மாகாணத்தில் விவசாயக் கடன் பாங்குகள் ஏற்படுத்துவதைப் பற்றி 1895இல் விரிவான அறிக்கை சமர்ப்பித்த ஸர் பிரெடரிக் நிக்கல்ஸன் என்பவரே, 1907இல் மாகாணத்தின் மீன் இலாகா தோன்றுவதற்கும் காரணராயிருந்தார். உழவரின் கடனையும் வலைஞரின் பிழைப்பையும் ஒருவரே ஆராய்ந்தது அக்காலத்தில் விநோதமாகத் தோன்றவில்லை. 1947 பிப்ரவரியில் ஏற்பட்டு, மண்டபத்தில் நிலைபெற்று, 1971இல் கொச்சிக்குத் தலைமையிடம் மாறிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் தொடக்கத்தில் மத்திய சர்க்காரின் விவசாய இலாகாவின் கீழேயே இருந்தது. 1967 முதல் இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகத்தைச் சார்ந்துள்ளது. தமிழ்நாட்டிலும் 1971இல் கோயம்புத்தூரில் வேளாண்மைச் சர்வகலாசாலை தோன்றியபின், 1977இல் தூத்துக்குடியில் ஏற்பட்ட மீன்வளக் கல்லூரி அதன் அங்கமாகவே விளங்கியது. 1989இல் கால்நடைச் சர்வகலாசாலை தனியே பிரிந்தபோது அக்கல்லூரி அதனோடு சென்றது. 2012இல் மீன்வளத்திற்கே தனிச் சர்வகலாசாலை ஏற்பட்டு அதில் சேர்ந்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் நியாயம் உண்டு. ஒவ்வொன்றும் தன் துறையில் வளர்ந்ததும் உண்மை. ஆயினும் ஒரு கூரையின் கீழ் இருந்த வயலும் மாடும் மீனும் மூன்று கூரைகளின் கீழ்ச் சென்றன. கிராமத்தில் மட்டும் அவை இன்னும் ஒரே வேலிக்குள் இருக்கின்றன.

இப்பிரிவினால் விளையக்கூடிய தீங்கிற்கு இறால் குட்டைகளின் சரித்திரமே சாட்சி. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக் கரையோரத்தில் இறால் பண்ணைகள் பெருகின. மீன்வள சாஸ்திரப்படி அவை வெற்றியே. அந்நியச் செலாவணி வந்தது. அண்டை வயல் உப்பானதையும், குடிநீர் ஊற்றுக் கெட்டதையும், கடலுக்குச் செல்லும் பாதை அடைபட்டதையும் கணக்கில் எழுத வேண்டியவர் அக்கணக்கைப் போட்டவர்களுள் இல்லை. கிராம சுயராஜ்ய இயக்கத்தின் தலைவர் எஸ். ஜகந்நாதன் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றார். கோர்ட்டின் உத்தரவுப்படி நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் என்ஜினீயரிங் ஆராய்ச்சி நிலையத்தார் கரையோரத்தைப் பார்வையிட்டு, மண், நீர், ஜனங்களின் பிழைப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, வருமானத்தினும் சேதமே மிகுதி என்று அறிக்கை தந்தனர். 1996 டிசம்பர் 11ஆம் தேதி வெளியான தீர்ப்பு, விவசாய நிலம், உப்பளம், அலையாத்திக் காடு, கிராமப் பொது நிலம் ஆகியவற்றை இறால் குட்டைகளாக மாற்றலாகாது எனக் கட்டளையிட்டது. பின்னர் 2005இல் கடலோர நீருயிர் வளர்ப்பு அதிகார சபைச் சட்டம் இயற்றப்பட்டது. அது 2023இல் திருத்தப்பட்டது. இங்குக் கவனிக்க வேண்டுவது ஒன்று. எல்லாச் சாஸ்திரங்களையும் சேர்த்துப் பார்த்த அந்தக் கணக்கு, குட்டை வெட்டியபின், வழக்கின் பயனாக, தொலைவிலிருந்து வந்தவர்களால் போடப்பட்டது. அக்கணக்கைக் குட்டை வெட்டுமுன் போடத்தக்க ஆசிரியர் குழு கரையிலுள்ள சர்வகலாசாலை ஒன்றில் இருந்திருப்பின், குடிகளுக்கு நேர்ந்த நஷ்டத்திற் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம்.

மற்றோர் உதாரணம் கடற்பாசி. இராமேசுவரம், மண்டபம் பகுதிகளில் மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரைப் பாசியும் எடுத்து வந்த பெண்களுக்கு, கப்பாபைகஸ் என்னும் அந்நியப் பாசியை மூங்கில் மிதவையில் வளர்க்கும் தொழில் 2000ஆம் ஆண்டையொட்டிப் புதிய வருவாயைத் தந்தது. அப்பாசியின் சாறு பயிர்களுக்குத் தெளிக்கும் ஊக்கியாகவும் பயன்படுகிறது. கடலில் விளைவது உழவர் கைத்தெளிப்பானுக்கே வந்துவிட்டது. ஆயின் 2008இல் அப்பாசி குருசடைத் தீவின் பவளப்பாறைகளின்மேல் படர்ந்திருப்பது விஞ்ஞானச் சஞ்சிகையில் எடுத்துக்காட்டப்பட்டது. பாசி வளர்ப்பில் வல்லவர் ஒருபுறமும், பவளப்பாறை அறிந்தவர் மறுபுறமும் நின்று வாதாடும் நிலை ஏற்பட்டது. 2023இல் இதே ஜில்லாவின் வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தொழில் பெருக வேண்டும். பாறையும் பிழைக்க வேண்டும். இரண்டையும் ஒருங்கே எடை போடுவதற்கு இருசாராரின் மொழியையும் அறிந்த ஆசிரியரும், அவரிடம் பயின்ற மாணவரும் தேவை.

அவ்வாறானால் இக்கரையில் கற்றோர் இல்லையோ எனின், நிரம்ப உளர். மண்டபத்தில் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையமும் மத்திய உப்பு, கடல் ரசாயன ஆராய்ச்சி நிலையத்தின் பாசி ஆராய்ச்சிச் சாலையும் உள்ளன. இராமநாதபுரத்தில் வேளாண்மைச் சர்வகலாசாலையின் கடலோர உவர் ஆராய்ச்சி மையமும், பரமக்குடியில் அதன் ஆராய்ச்சிப் பண்ணையும் நடைபெறுகின்றன. தொண்டியில் அழகப்பா சர்வகலாசாலையின் கடலியல், கடலோரப் பகுதி ஆய்வுத் துறையும், புதுமடத்தில் மதுரை காமராசர் சர்வகலாசாலையின் கடல் ஆய்வு நிலையமும் இருக்கின்றன. ஒரே ஜில்லாவில் இத்தனை ஸ்தாபனங்கள் அமைவது அரிது. எனினும் பரமக்குடியில் நெல் இரகம் தெரிவு செய்பவரும், தொண்டியில் கடல்நீரை அளப்பவரும் ஒரே வயலின் வரப்பில் சேர்ந்து நிற்க வேண்டும் என்று எந்த உத்தியோக விதியும் கூறவில்லை. தனி மனிதரின் நட்பினால் சேர்க்கை நேர்ந்தால் உண்டு. அவர் ஓய்வு பெற்றால் அதுவும் முடிந்தது.

இதற்கு மூலகாரணம் நியமன முறையிலேயே இருக்கிறது. சர்வகலாசாலை மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, உதவிப் பேராசிரியராக விரும்புபவர் உரிய பாடத்திலோ, தொடர்புள்ள அல்லது நெருங்கிய பாடத்திலோ நூற்றுக்கு 55 மதிப்பெண்ணோடு முதுகலைப் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும். விதியில் இடம் இருக்கிறது. ஆனால் நெருங்கிய பாடம் எது என்பதை விண்ணப்பங்களைச் சலிக்கும் குழு தீர்மானிக்கிறது. விலங்கியல் இடத்திற்கு விலங்கியற் பட்டமே வேண்டும், ரசாயன இடத்திற்கு ரசாயனப் பட்டமே வேண்டும் எனக் குறுகப் பொருள் கொள்வது ஆட்சேபணைக்கு இடமில்லாத வழி. ஆதலால் பெரும்பாலும் அவ்வழியே கடைப்பிடிக்கப்படுகிறது. ஒரு பட்டம் மற்றொரு பட்டத்திற்குச் சமமா என்பதற்கு அரசாணை தேட வேண்டிய நிலைமையும் உண்டு. இதன் பயனாக, மண்ணையும் நிலத்தடி நீரையும் சேர்த்துக் கற்ற இளைஞர் இரண்டு வாசலிலும் வெளியே நிற்கிறார். 2025 ஜனவரியில் மானியக் குழு வெளியிட்ட நகல் விதிகள், இளநிலை, முதுநிலைப் பாடம் வேறாயினும் ஆராய்ச்சிப் பட்டம் அல்லது தகுதித் தேர்வின் பாடத்தைக் கொண்டு நியமிக்கலாம் என்னும் யோசனையைக் கொண்டிருந்தன. அந்நகலின் மற்றப் பகுதிகளைப் பற்றிப் பலத்த கருத்து வேற்றுமை உண்டு. இவ்வொரு யோசனை மட்டும் கடற்கரைப் பிரதேசத்திற்கு நன்மை தருவதே.

கற்பித்தலிலும் இதே குறை காணப்படுகிறது. சுற்றுச்சூழல் கல்வியைப் பள்ளி, கல்லூரிகளில் கட்டாயமாக்க வேண்டும் என்று 1991 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. அதன் தொடர்ச்சியாக இளநிலை மாணவர் அனைவருக்கும் ஆறு மாதப் பாடம் ஒன்று வகுக்கப்பட்டது. பாடம் கட்டாயம், அதற்கென ஆசிரியர் நியமனம் கட்டாயம் அன்று. எனவே பல கல்லூரிகளில் மணிக்கணக்குக் குறைந்த வேறு துறை ஆசிரியர் அப்பாடத்தை ஏற்று நடத்தும் வழக்கம் உண்டாயிற்று. அவர்களுடைய உழைப்பைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் முதுகுளத்தூரிலிருந்தும் திருவாடானையிலிருந்தும் வரும் மாணவன், தன் ஊர்க் கண்மாயைப் பற்றி ஒன்றும் அறியாமலே அமேஸான் காட்டைப் பற்றி எழுதித் தேறிவிடக்கூடும். அவனே நாளைக்குக் கிராம நிர்வாக அதிகாரியாகவோ, வேளாண்மை உதவியாளராகவோ அதே ஊருக்கு வருகிறான்.

பிற இடங்களில் இக்குறையை எவ்வாறு நீக்க முயன்றனர் என்பது அறியத்தக்கது. புதுதில்லி ஜவாஹர்லால் நேரு சர்வகலாசாலையில் 1970களிலேயே சுற்றுச்சூழல் விஞ்ஞானத்திற்கென ஒரு பள்ளி ஏற்பட்டு, பௌதிகம், ரசாயனம், பூகர்ப்பம், உயிரியல் ஆகியவற்றில் தேர்ந்தவர் ஒரே பிரிவில் அமர்ந்தனர். அமெரிக்காவில், பால் பண்ணைக்கும் ஏரிகளுக்கும் பேர்போன விஸ்கான்ஸின் ராஜ்யத்தின் மாடிஸன் சர்வகலாசாலை 1998இல் ஒரு புது முறையைத் தொடங்கியது. ஒரு துறைக்கு ஓர் ஆசிரியர் என்று தனித்தனியே நியமியாமல், ஒரு பிரச்சினையை முதலில் தீர்மானித்து, அதற்கு வேண்டிய பல ஆசிரியர்களை வெவ்வேறு துறைகளில் ஒரே சமயத்தில் நியமிப்பதே அம்முறை. இதனைத் திரள் நியமனம் எனலாம். நாற்றைத் தனித்தனியே வெவ்வேறு வயலில் நடுவதற்கும், ஒரே வயலில் வரிசை பிடித்து நடுவதற்கும் உள்ள வேறுபாடு இதிலும் உண்டு. பின்னர் அமெரிக்காவில் வேறு பல சர்வகலாசாலைகளும் அம்முறையைப் பின்பற்றின.

இனி, இக்கரைக்கு வேண்டுவது யாது என்பதைக் கூறலாம். முதலாவதாக, கடலோரச் சுற்றுச்சூழலுக்கான ஆசிரியர் இடங்களைப் பாடத்தின் பெயரால் ஒவ்வொன்றாக விளம்பரம் செய்யாமல், உவர் ஏறும் கடற்கரை நிலம் என்னும் பிரச்சினையின் பெயரால் நான்கைந்து இடங்களைச் சேர்த்து விளம்பரம் செய்தல் வேண்டும். மண், நிலத்தடி நீர், கடலுயிர், விவசாயப் பொருளாதாரம், நிலச் சட்டம் ஆகிய ஒவ்வொன்றிலும் ஒருவர் ஆழ்ந்த கல்வி உடையவராகவும், மற்றவற்றோடு உரையாடத்தக்கவராகவும் இருத்தல் வேண்டும். இடங்களைச் சேர்த்து அறிவிப்பதால் இட ஒதுக்கீட்டு முறைக்கு ஊனம் நேராது; தனி ஓர் இடத்தில் சுழற்சி முறையைப் பொருத்துவதினும் பல இடங்களில் பொருத்துவதே செவ்வையாக நடைபெறும்.

இரண்டாவதாக, வேளாண்மைச் சர்வகலாசாலையும் பொதுச் சர்வகலாசாலையும் கூட்டாக ஆசிரியரை நியமிக்க வழி செய்தல் வேண்டும். அவ்வாறு நியமிக்கும்போது, சம்பளம் எங்கிருந்து, பதவி உயர்வை எவர் மதிப்பிடுவது, வாரத்தில் எத்தனை நாள் எங்கே என்பவற்றை எழுத்து மூலம் முதலிலேயே உறுதி செய்தல் இன்றியமையாதது. இல்லாவிடின், ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என நின்று, இரு துறையிலும் அவர் அந்நியராகவே கருதப்படுவார். உயர்வு வேண்டிப் பழைய துறைக்கே திரும்பிவிடுவார்.

மூன்றாவதாக, தேர்வு முறை மாற வேண்டும். சஞ்சிகைகளில் வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையோடு தேர்வு முடியலாகாது. விண்ணப்பதாரரை ஒரு கண்மாயின் மடையிலிருந்து கலுங்கு வரை நடக்கச் செய்து, அங்கிருந்து உப்பளத்திற்கும் கடற்கரைக்கும் அழைத்துச் சென்று, கண்டதைப் பற்றிக் குடியானவர் முன்னிலையில் அரைமணி நேரம் தமிழில் எடுத்துரைக்கச் செய்தல் நலம். குழியடிச்சான் நெல் உவரைத் தாங்குவது ஏன் என்று கரையோரப் பெரியவர் ஒருவர் கேட்டால், அக்கேள்வியை மதித்து விடை தேடுபவரே இக்கரைக்குத் தக்க ஆசிரியர். கேரளத்தில் பொக்காளி நெல்லையும் இறாலையும் ஒரே வயலில் மாற்றி மாற்றி விளைவிக்கும் பழக்கம் உழவர் கண்டது; அந்நெல்லிலிருந்தே உவர் தாங்கும் குணத்தின் மரபுக்கூற்றை விஞ்ஞானிகள் பின்னர் இனங்கண்டனர்.

நான்காவதாக, இவ்விடங்கள் நிரந்தரமாக இருத்தல் வேண்டும். நிரந்தர இடங்கள் நிரப்பப்படாதபோது கௌரவ விரிவுரையாளரைக் கொண்டு வகுப்பை நடத்துவது இன்றைய வழக்கமாகிவிட்டது. வருஷத்திற்குப் பதினொரு மாதச் சம்பளம் பெறும் அவர், அடுத்த வருஷம் இங்கே இருப்போமா என்பதை அறியார். உவரோ ஒரு வருஷத்தில் அளந்து முடிக்கும் பொருளன்று. நல்ல மழை வருஷத்தில் உப்புக் கீழிறங்கும்; பஞ்ச வருஷத்தில் மேலேறும்; 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது போன்ற புயல் வந்தால் ஒரே இரவில் கடல் வயலுக்குள் வரும். இம்மாறுதல்களைக் குறைந்தது பத்து வருஷமாவது ஒரே இடத்திலிருந்து அளப்பவர்க்கே உண்மை புலப்படும்.

இவ்யோசனைகளுக்கு ஆட்சேபணைகள் எழாமல் இரா. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பர் சிலர். அது பொருந்திய எச்சரிக்கையே. எல்லாவற்றிலும் மேலோட்டமாகத் தெரிந்தவரை நியமிப்பதால் தீமையே விளையும். ஆகையினாலேயே ஒருவரை எல்லாம் அறிந்தவராகத் தேடாமல், ஒவ்வொன்றில் ஆழ்ந்த பலரை ஒரு வேலையில் சேர்க்க வேண்டும் என்பது இங்கே வற்புறுத்தப்படுகிறது. வீடு கட்டுவதற்குத் தச்சரும் கொல்லரும் கொத்தரும் தனித்தனி வல்லவர்களே. எனினும் ஒரே வீட்டின் அளவை மூவரும் அறிந்திருக்க வேண்டும். பணத்திற்கு எங்கே போவது என்பது மற்றோர் ஆட்சேபணை. புதிய இடங்கள் யாவற்றையும் உண்டாக்க வேண்டுவதில்லை. காலியாகும் இடங்களில் சிலவற்றை இவ்வழியில் நிரப்பினாலே போதுமானது. தவறாக நிரப்பிய இடமும் முப்பது வருஷம் சம்பளம் பெறும் என்பதைச் சிக்கனம் பேசுவோர் நினைவில் வைத்தல் நலம். கிராமத்தார் முன் தேர்வு நடத்தினால் சிபார்சும் கட்சியும் நுழையும் என்று அஞ்சுவோரும் உளர். கிராமத்தாருக்கு மதிப்பெண் இடும் உரிமை தர வேண்டியதில்லை. அவர் கேட்கும் கேள்விக்கு விண்ணப்பதாரர் கூறும் விடையைத் தேர்வுக் குழு கவனித்தாலே போதும்.

மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் இதில் செய்யக்கூடியது என்ன என்னும் கேள்வி இயல்பானது. செய்யத்தக்கவை பல. வேளாண்மைச் சர்வகலாசாலையின் ஆட்சி மன்றத்தில் விவசாயிகளின் பிரதிநிதிகளுக்கு இடம் உண்டு. கலெக்டர் தலைமையில் மாதந்தோறும் நடைபெறும் குறைதீர்க் கூட்டத்தில் உரம், கடன், இழப்பீடு ஆகியவற்றோடு இவ்விஷயத்தையும் ஒரு மனுவாக எழுப்பலாம். கிராம சபையில் ஒரு தீர்மானம் நிறைவேற்றிச் சர்வகலாசாலைக்கு அனுப்பலாம். தம் ஊர்ப் பிரச்சினை இன்னது, அதற்கு இன்னின்ன சாஸ்திரம் அறிந்தவர் சேர்ந்து வந்து பார்த்தல் வேண்டும் என்று பத்துக் கிராமங்கள் எழுதிக் கேட்டால், விளம்பரத்தின் வாசகத்தைத் தீர்மானிப்பவர்க்கு அது ஆதாரமாகும். இதுவரை அவ்வாறு கேட்கும் வழக்கம் இல்லாமையால், கேட்பார் இல்லை என்றே அவர்கள் கருதியிருத்தல் கூடும்.

கிராம நிர்வாக அதிகாரியிடம் மற்றொரு பெருநிதி உண்டு. ஆண்டுதோறும் எழுதப்படும் அடங்கலில் எந்தச் சர்வே நம்பர் எவ்வருஷம் முதல் தரிசாயிற்று, எப்பொழுது நெல் போய்ச் சீமைக்கருவேல் வந்தது, எவ்வருஷம் கிணற்றுப் பாசனம் நின்றது என்பவை அடங்கியுள்ளன. அவற்றை வருஷ வரிசையில் வைத்துப் படித்தால், உவர் கடலிலிருந்து உள்நோக்கி நடந்து வந்த வழி தெரியும். எந்தப் பரிசோதனைச் சாலையிலும் கிடைக்காத ஆதாரம் இது. உண்மையாக எழுதப்பட்டிருந்தால் மட்டுமே பயன்படும் என்பதும் சொல்லாமலே விளங்கும். நிலமுடையவர் தம் உவர் நிலத்தில் ஒரு மூலையைப் பத்து வருஷத்திற்கு அளவைக்கு விட்டுக் கொடுத்து, கிணற்று மட்டத்தை மாதம் ஒருமுறை குறித்து வைத்தால், அவ்வூருக்கு வரும் ஆசிரியர் முதல் நாளிலிருந்தே வேலையைத் தொடங்கலாம். தம் மக்களுள் ஒருவரையேனும் இப்படிப்பில் சேர்ப்பதும் நன்று. கரையை அறிந்து பிறந்தவர் கற்றுத் திரும்பினால், அவருக்குக் கரையை அறிமுகம் செய்யும் காலம் மிச்சமாகும்.

மழை பெய்வது எவர் கையிலும் இல்லை. கடல் மட்டம் உயர்வதை ஒரு ஜில்லாவினால் தடுத்தல் இயலாது. ஆசிரியர் இடத்தை எம்முறையில் நிரப்புவது என்பதோ மனிதர் தீர்மானத்திற்கு முற்றிலும் உட்பட்டது. அதற்கு ஒரு கடிதமும் ஒரு தீர்மானமும் சிறிது விடாமுயற்சியும் போதும். சர்வகலாசாலைகளின் அடுத்த விளம்பரம் வெளியாகுமுன் இக்கரையின் குரல் அங்குச் சேருமாறு செய்தல், நிலமுடையோர் கிராம அதிகாரிகள் ஆகிய இரு சாராரின் கடமையாகும்.